கேட்டுக்கு வெளியே கேட்டக்கா

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த அன்று வாசலில் என்னை வரவேற்றது ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ். முழங்காலுக்கு மேல் வரும் உயரம், கழுவாத சேறு, ஒன்றுக்குள் ஒரு தவளை. நான் போட்ட கூச்சலில் என் வீட்டுக்காரர் ஓடி வந்தார். நடுங்கிக்கொண்டு நின்ற புதுப்பெண்ணை விட்டுவிட்டுத் தவளையைத்தான் முதலில் பார்த்தார்.

"அக்காவோட பூட்ஸு. தவளைய ஒண்ணும் பண்ணிடாத. அப்புறம் அக்காகிட்ட நான் பதில் சொல்ல முடியாது."

அந்த அக்கா என் நாத்தனார். எனக்கு அண்ணி. தெருவுக்கு கேட்டக்கா. எங்கள் தெரு போய் முட்டும் இடத்தில் ஒரு இரும்பு கேட் இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் சதுப்பு நிலம். அந்த கேட்டைத் திறப்பதும் மூடுவதும் அண்ணியின் உத்தியோகம் என்பதால் அந்தப் பெயர். உண்மையில் அவர் செய்யும் வேலையில் கேட் கால்வாசிகூட இல்லை. ஆனால் தெருவில் யார் அதையெல்லாம் பார்க்கிறார்கள்?

நான்கு பக்கமும் நகரம். ஒரு பக்கம் பஸ் டிப்போ, ஒரு பக்கம் ஆஸ்பத்திரி, மற்ற இரண்டு பக்கமும் எங்களுடையது போல ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளும் அடுக்குமாடிகளும். நடுவில் தண்ணீரும் கோரையும் சேறும். ஒரு காலத்தில் அதில் பாதி குப்பைமேடு. அண்ணி அந்தக் காலத்திலேயே அங்கே வேலைக்குச் சேர்ந்துவிட்டார். குப்பை லாரி வந்தால் கேட்டைத் திறக்க வேண்டும், போனால் மூட வேண்டும். அவ்வளவுதான் வேலை. பிறகு மாநகராட்சிக்குத் திடீரென்று ஞானம் வந்து, குப்பையை நிறுத்திவிட்டு, இனி இது பறவைகளுக்கான இடம் என்று பலகை மாட்டினார்கள். மற்ற ஆட்கள் எல்லோரும் மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடினார்கள். அண்ணி மட்டும் போகவில்லை. ஏன் என்று கேட்டால், "கேட்ட யார்கிட்ட விட்டுட்டுப் போறது?" என்பார். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்டாலும் கிட்டத்தட்ட அதே பதில்தான்.

அவர் வேலை என்னவென்று எனக்கே புரிய வெகு நாள் ஆயிற்று. காலையில் முதல் வேலை, சாக்கடை வந்து சேரும் வாயில் இருக்கும் கம்பிச் சல்லடையைச் சுத்தம் செய்வது. பாட்டில், செருப்பு, தலையணை, ஒருமுறை முழு சோபா. பிறகு படகில் போய் ஆகாயத்தாமரையை வாரிக் கரையில் போடுவது. அது ஒரு மானங்கெட்ட செடி. இன்று வாரினால் நாளை வந்து நிற்கும். அப்புறம் கோரை வெட்டுவது. எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டித் தள்ளினால் பளிச்சென்று இருக்குமே என்று நான் ஒருமுறை யோசனை சொன்னேன்.

"வீட்ல இருக்கற அத்தன துணியையும் ஒரே நாள்ல தொவைச்சுப் போட்டா, எல்லாரும் எதக் கட்டிக்கிட்டு உக்காருவீங்க?" என்றார்.

அதனால் வருஷத்துக்கு ஒரு பக்கம் மட்டும் வெட்டுவார். மீதி இடத்தில் குடியிருப்பவர்கள் நிம்மதியாக இருப்பார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை மதகு. மதகு என்றால் ஏதோ அணைக்கட்டு என்று நினைத்துவிடாதீர்கள். சிமெண்ட் தூண் இரண்டு, நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மரப்பலகைகள், அவற்றைத் தூக்க ஓர் இரும்புக் கொக்கி. ஒரு பலகையைத் தூக்கினால் சதுப்பின் தண்ணீர் இறங்கி, எங்கள் தெருவின் பின்பக்கம் போகும் வாய்க்காலில் விழும். தண்ணீர் ஏறினால் கரையோரத்துக் கூடுகள் முழுகும். ரொம்ப இறங்கினால் தெருநாய்கள் நடந்தே போய் முட்டையைத் தின்றுவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிறுத்துவதுதான் அண்ணியின் வித்தை. என்னையும் அவர் அப்படித்தான் வைத்திருந்தார். பொங்கவும் விடமாட்டார், வற்றவும் விடமாட்டார்.

பறவைகள் கூடு கட்டத் தொடங்கினால் அண்ணிக்கு வேறு முகம் வந்துவிடும். கேட்டில் பலகை ஏறும். 'கூடு கட்டும் காலம். வேலையாட்களைத் தவிர யாருக்கும் அனுமதி இல்லை.' இதில் 'யாருக்கும்' என்ற சொல்லுக்குக் கீழே அவரே சிவப்புப் பெயிண்டில் கோடு போட்டிருந்தார். குஞ்சுகள் பறக்கிறவரை கரையில் ஈ எறும்பு நுழைய முடியாது. ஈ எறும்பு நுழையலாம், மனுஷன் நுழைய முடியாது.

ஒரு போட்டோக்காரர் பச்சை வலையைப் போர்த்திக்கொண்டு, தலையில் இலையெல்லாம் செருகி, கரையில் புதர் மாதிரி உட்கார்ந்திருந்தார். அண்ணி நேராகப் போய், "நேத்து இங்க பொதரு இல்லையே" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, அதன் பக்கத்திலேயே சாவகாசமாக உட்கார்ந்து டீ குடித்தார். டீ முடிவதற்குள் புதர் இருமியது. அப்புறம் புதரின் காதைப் பிடிக்காத குறையாக வெளியே கொண்டுவந்து விட்டார்.

இன்னொரு நாள் மேலதிகாரி ஒருவர் மனைவி மக்களோடு காரில் வந்து இறங்கினார். அண்ணி கம்பிக்கு உள்ளே நின்றபடி, "ஐயா வேலையா வந்தீங்களா, வேடிக்கை பாக்க வந்தீங்களா?" என்றார். அந்த மனிதர் பாவம், நல்லவர். பொய் சொல்லத் தெரியவில்லை. "சும்மா பாத்துட்டுப் போலாம்னு..." என்றார். "அப்ப குஞ்செல்லாம் பறந்ததும் வாங்க, நானே சுத்திக் காட்டறேன்" என்று அனுப்பிவிட்டார். வேலை போய்விடும் என்று நாங்கள் வீட்டில் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தோம். போகவில்லை.

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். டிப்போவுக்குச் சுற்றிப் போகச் சோம்பல்பட்டு, ஒருநாள் வேலி தாண்டிக் கரைமேல் குறுக்கே நடந்தார். முக்கால்வாசி தூரம் போனவரை அக்காள்காரி பிடித்துவிட்டார். இன்னும் கொஞ்சம் போனால் டிப்போ. ஆனால் வந்த வழியே திரும்பிப் போகச் சொல்லிவிட்டார். அன்றைக்கு அவர் பஸ் அவர் இல்லாமலே கிளம்பிப் போயிற்று.

"சொந்தத் தம்பி மேலகூடக் கொஞ்சம் எரக்கம் இல்லையா?" என்று சாயங்காலம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டார்.

"தம்பின்னு முட்டைக்குத் தெரியுமா?" என்றார் அண்ணி.

இவ்வளவு கெடுபிடி செய்கிறாரே, அந்தப் பறவைகளாவது இவர் சொன்னபடி கேட்டனவா என்றால், அதுதான் இல்லை. அண்ணிக்கு ஒரே ஓர் ஆசை. பவளக்கால் உள்ளான். கறுப்பு வெள்ளை உடம்பு, ஊசி மூக்கு, வேறு யாரோ பெரிய பறவையின் கால்களை மாற்றி மாட்டிக்கொண்டு வந்தது போல நீள நீளமான சிவப்புக் கால்கள். வருஷா வருஷம் வரும், மேயும், ஊர் வம்பு பேசுவது போல ஓயாமல் கத்தும், போய்விடும். ஒரு வருஷமாவது இங்கே முட்டை வைத்துக் குஞ்சு பொரிக்க வேண்டும் என்பது அண்ணியின் கனவு. அதற்காகத் திருட்டுத்தனமாக யாரோ கொட்டிவிட்டுப் போன கட்டட இடிபாட்டையெல்லாம் கோடைக்குக் கோடை படகில் ஏற்றிப் போய், நடுத் தண்ணீரில் ஒரு திட்டு கட்டினார். செங்கல் துண்டு, ஜல்லி, மேலே சேறு. அந்தத் திட்டில் நீர்க்காகம் சிறகு காயவைத்தது. ஆமை வெயில் காய்ந்தது. உள்ளான் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை.

"வருவாங்க" என்பார் அண்ணி.

"வந்து வரிசையா நின்னு உங்களுக்கு சல்யூட் அடிப்பாங்க" என்பேன் நான்.

இப்படியே வருஷங்கள் போய், அண்ணிக்கு ஓய்வு பெறும் வருஷமும் வந்தது. அந்த மாதக் கடைசியோடு வேலை முடிகிறது. மாதம் பிறந்து கொஞ்ச நாளில், நட்ட நடுப்பகலில், என் தையல் அறை வாசலில் அண்ணி வந்து நின்றார். பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.

"நாலு" என்றார்.

"என்ன நாலு? யார் வர்றாங்க?"

"திட்டுல. நாலு முட்டை."

சொல்லிவிட்டு, அப்படியே நின்றபடி அழுதார். இத்தனை வருஷத்தில் அண்ணி அழுது நான் பார்த்ததே இல்லை. எனக்கும் கண் நிறைந்துவிட்டது. ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. "தரையெல்லாம் சேறு" என்று மட்டும் சொன்னேன்.

சந்தோஷம் அன்று சாயங்காலம் வரைதான். சாப்பிட உட்கார்ந்தபோது அண்ணி விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருந்தார். பிறகு கையை மடக்கிவிட்டார். முட்டை பொரிய மூன்று வாரத்துக்கு மேல் ஆகுமாம். அதற்குள் மாதம் முடிந்துவிடும். குஞ்சு வருவதற்குச் சில நாள் முன்னாலேயே அண்ணி வெளியே வந்துவிடுவார்.

"அதனால என்ன? வேலை முடிஞ்சா போய்ப் பாக்கக் கூடாதா?" என்றேன்.

அண்ணி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "வேலை முடிஞ்சா நான் யாரு?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிவப்புக் கோடு போட்ட அந்த 'யாருக்கும்' என்பதில் இனி அண்ணியும் சேர்த்தி. அவர் போட்ட பூட்டில் அவரே மாட்டிக்கொண்டார். ஊருக்கெல்லாம் சட்டம் பேசினீர்களே என்று கேலி செய்ய இதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்குக் கிடைக்காது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன். வேலையைச் சில வாரம் நீட்டித் தரச் சொல்லி ஆபீசில் கேட்டுப் பார்த்தார். விதிப்படி முடியாது என்று சொல்லிவிட்டார்கள். விதி என்றதும் அண்ணியால் மறுபேச்சுப் பேச முடியவில்லை.

அண்ணியின் இடத்துக்கு வருகிறவர் பூங்காத் துறையிலிருந்து மாற்றலாகி வந்தார். நடுவயசு, சாதுவான மனுஷர், பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூ. இருபது வருஷமாக ரோஜாச் செடிகளோடு காலம் தள்ளியவர். முதல் நாள் கரையில் நின்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இந்தச் சேத்தையெல்லாம் எப்ப சுத்தம் பண்ணுவீங்க?" என்று கேட்டாராம். அண்ணி வீட்டுக்கு வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அதன்பிறகு தினமும் அவரைக் கூடவே இழுத்துக்கொண்டு சுற்றினார். அவருக்கு எது மண்டையில் ஏறிற்றோ இல்லையோ, கேட் விஷயம் மட்டும் நன்றாக ஏறிவிட்டது. அண்ணி என்றால் அவருக்கு அவ்வளவு பயம்.

அடுத்த வாரம் அந்த மழை வந்தது. மழைக்கான காலமே இல்லை. காலையில் வெயில் அடித்தது, மத்தியானம் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. நான் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக்கொண்டிருந்தேன். பள்ளி திறக்கும் நேரம். நீலக் கட்டம் போட்ட சட்டைகள் தரையிலிருந்து ஜன்னல் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. என் தையல் அறை வீட்டின் பின்பக்கம், இரண்டு படி இறக்கத்தில் இருக்கிறது. அதற்குப் பின்னால் ஒரு காலிமனை. அதை அடுத்து வாய்க்கால்.

அண்ணி சொட்டச் சொட்ட நனைந்து படிக்கு வெளியே நின்றார்.

"தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு. ஒரு பலகை தூக்கணும்."

"தூக்கினா?"

"வாய்க்கா தாங்காது. மனை நெறைஞ்சு உன் ரூமுக்குள்ள வரும். கணுக்கால் வரைக்கும். கூடினாலும் கூடும்."

"தூக்கலேன்னா?"

அண்ணி திரும்பிக் கரைப் பக்கம் பார்த்தார். மழைத் தண்ணீர் மூக்கு நுனியிலிருந்து வழிந்துகொண்டிருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

எனக்கு வந்தது பாருங்கள் ஆத்திரம்! மதகு அவர் பொறுப்பு. கொக்கி அவர் கையில். பலகையைத் தூக்க ஆபீசில்கூட யாரையும் கேட்க வேண்டியதில்லை. மழைமேல் பழியைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். நானும் மழையைத் திட்டிவிட்டு இருந்திருப்பேன்.

"பேசாம தூக்கித் தொலைச்சிருக்கலாம் இல்ல? வந்து என் வாயால சொல்ல வெக்கறீங்களே!"

"கேக்காம தூக்கினா ஆயுசுக்கும் திட்டுவ."

"கேட்டுட்டுத் தூக்கினாலும் திட்டத்தான் போறேன்!"

"அது பரவால்ல."

நான் சட்டை அடுக்கைப் பார்த்தேன். மூன்று மெஷினையும் பார்த்தேன். கடைசியில் அந்த மனுஷியையும் பார்த்தேன்.

"தூக்குங்க" என்றேன். "மொதல்ல இந்த மூட்டைங்கள மேல ஏத்திட்டுத் தூக்குங்க. இல்லேன்னா உங்களத் தூக்கி அந்தத் தண்ணியில போட்டுடுவேன்."

அப்புறம் நடந்தது பெரிய கூத்து. என் வீட்டுக்காரர் சட்டை மூட்டைகளைத் தலையில் வைத்துக்கொண்டு, கொட்டும் மழையில் வெளிப்படி ஏறி மேல்மாடிக்கு ஓடினார், அதிலேயே பாதி நனைந்துவிட்டது. நான் மீந்த யூனிஃபார்ம் துணியில் மளமளவென்று பை தைத்தேன். அண்ணியின் பின்னாலேயே ஓடி வந்த பூங்காக்காரர் அவற்றில் மணல் நிரப்பினார். மணல் வேலையில் அவர் கில்லாடி. ரோஜாத் தொட்டி நிரப்பிப் பழகிய கை. பளபள ஷூவோடு தண்ணீரில் நின்று, வாசற்படியில் நீலக் கட்டப் பைகளைச் சுவர் மாதிரி அடுக்கினார். பார்க்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நிற்பது போல இருந்தது. அண்ணி போய்ப் பலகையைத் தூக்கினார். தண்ணீர் அந்தச் சுவரைக் கொஞ்ச நேரம் மதித்தது. அப்புறம் அடியில் புகுந்து உள்ளே வந்துவிட்டது. நூல்கண்டுகள் மிதந்தன. பட்டன் டப்பா ஒன்று படகு மாதிரி சமையலறைப் பக்கம் போயிற்று. நான் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வாளியால் மொண்டு கொட்டினேன். அண்ணியும் பக்கத்தில் நின்று மொண்டு கொட்டினார், திட்டையும் வாங்கிக்கொண்டார்.

இருட்டுவதற்குள் மழை விட்டது. அண்ணி கரைக்குப் போய் பைனாகுலரில் பார்த்துவிட்டு வந்தார். தண்ணீர் முட்டைக்கு விரற்கடை கீழே நின்றுவிட்டதாம். உள்ளானும் சும்மா இருக்கவில்லை, மழையிலேயே புல்லும் குச்சியும் கொண்டுவந்து முட்டைக்கு அடியில் செருகிக் கூட்டை உயர்த்திக்கொண்டிருந்ததாம். "நாலும் இருக்கு" என்று சொல்லிவிட்டு, என் நனைந்த மெஷினைத் துணியால் துடைக்க உட்கார்ந்துவிட்டார்.

அதோடு முடிந்ததா? பின்னால் காலிமனையில் தேங்கிய தண்ணீர் போகவில்லை. மெல்லிசாகப் பரவி, கொழகொழவென்று சேறாகி நின்றது. துணி காயப்போட இடமில்லை. ஈரமான யூனிஃபார்ம்களை நாற்காலி, கட்டில், கதவு என்று வீடு முழுக்கத் தொங்கவிட்டோம். என் வீட்டுக்காரர் யாரோ ஒரு பிள்ளையின் சட்டைக்கு அடியில் தலைவைத்துத் தூங்கினார். மோட்டார் வைத்து அந்தத் தண்ணீரை இறைக்கச் சொல்லி தினமும் அண்ணியிடம் சண்டை போட்டேன். "தானா வத்தும்" என்றார். ஆனால் அது வற்றுகிற வழியாகத் தெரியவில்லை.

மாதக் கடைசி வந்தது. ஆபீசில் ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள், ஆளுக்கு ஆள் பேசினார்கள். அண்ணி சாயங்காலம் சாவியையும் கொக்கியையும் பூங்காக்காரரிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். பூங்காக்காரர் பூட்டியதும், வெளியிலிருந்து கம்பிக்குள் கையை விட்டு, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் காலை பழக்க தோஷத்தில் பூட்ஸை மாட்டிக்கொண்டு கேட்டில் போய் நின்றுவிட்டார். பூங்காக்காரர் முகத்தில் ஈ ஆடவில்லை.

"அம்மா... வந்து... கூடு கட்டற காலம்..."

"அப்புறம்?"

"வேலையாட்களைத் தவிர..."

"முழுசா சொல்லுங்க."

"யாருக்கும் அனுமதி இல்லம்மா."

"அதான். பயந்துக்கிட்டே சொன்னா எவனும் கேக்க மாட்டான். நிமிர்ந்து சொல்லணும்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு அண்ணி வீட்டுக்கு வந்துவிட்டார். பூங்காக்காரர் மத்தியானம் என் அறை ஜன்னலில் வந்து கண்கலங்கினார். "உள்ள வாங்கம்மான்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா என்னைக் கொன்னுடுவாங்களோன்னு பயமாப் போச்சு" என்றார். கொன்றுதான் இருப்பார்.

வேலை இல்லாத அண்ணியை வீட்டில் வைத்துக்கொள்வது இருக்கிறதே, அதைவிடக் குப்பை லாரியை வைத்துக்கொள்ளலாம். என் பட்டன்களை அளவு பார்த்துப் பிரித்தார். அளவு கொடுக்க வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி விசாரித்தார். சாப்பாட்டைத் தொட்டும் தொடாமலும் எழுந்துவிடுவார். மொட்டைமாடியில் ஏறிப் பார்த்தால் திட்டு தெரியவில்லை, நடுவில் கோரை உயரமாக நின்றது.

"பூங்காக்காரர்கிட்ட சொல்லி அத மட்டும் வெட்டச் சொல்லுங்களேன்" என்றேன்.

"அந்தப் பக்கம் அடுத்த வருஷம்தான் வெட்டணும்" என்றார். தனக்கென்றால்கூட அந்தப் பிடிவாதம் தளரவில்லை.

பூங்காக்காரர் தினமும் சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து, "இன்னும் இல்லம்மா!" என்று கத்திவிட்டுப் போவார். ஒருநாள் வேறு மாதிரி கத்தினார்.

"வந்துடுச்சும்மா! நாலும்!"

அண்ணி செருப்புகூடப் போடாமல் வேலிக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

"எப்படி இருக்கு?"

"சின்னதா இருக்கும்மா."

"சின்னதா இருக்கும்னு எனக்குத் தெரியாதா! காலு? காலு எப்படி இருக்கு?"

பூங்காக்காரர் யோசித்தார். "ரெண்டு இருக்கும்மா" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அண்ணி சிரிக்கவில்லை. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கோரையையே பார்த்துக்கொண்டு நின்றார். செங்கல் செங்கலாகச் சுமந்து இடம் கட்டிக் கொடுத்தவர் வெளியே நிற்கிறார், கால் எத்தனை என்று மட்டும் எண்ணத் தெரிந்தவர் உள்ளே நிற்கிறார். இது என்ன நியாயம்?

மறுநாள் இன்னும் மோசமான சேதி. திட்டு காலி. தாயும் தகப்பனும் குஞ்சும் எதுவுமே இல்லை. பூங்காக்காரர் கரையெல்லாம் அலைந்துவிட்டு வந்து கையைப் பிசைந்தார்.

"பொறந்த மறுநாளே குஞ்சுங்க நடக்கும். மழைக்கப்புறம் உள்ள எல்லா எடமும் ஆழம். குஞ்சு நிக்க எடமில்ல, அதான் எங்கேயோ கூட்டிட்டுப் போயிடுச்சுங்க" என்றார் அண்ணி. "வழியில நாய் இருக்கு. பருந்து இருக்கு." அப்படியே உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

அடுத்த நாள் காலை. நான் துணி துவைத்த தண்ணீரை வாளியோடு பின்பக்கம் கொட்டப் போனேன். அந்தச் சேற்றை இன்றைக்கு நான்கு வார்த்தை திட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் கதவைத் திறந்தேன். திறந்ததுதான் தாமதம், என்னை யாரோ முந்திக்கொண்டு திட்டினார்கள். கிக் கிக் கிக் என்று கத்திக்கொண்டு ஒரு பறவை தலைக்கு மேலே பாய்ந்து வந்தது. பின்னால் தொங்கும் நீளச் சிவப்புக் கால்கள் என் முடியைத் தொடாத குறை. வாளியைக் கீழே வைத்தேன். சேற்றில், விரல் அளவு தண்ணீரில், பஞ்சு உருண்டை மாதிரி ஏதோ தத்தித் தத்தி நடந்தது. அதன் பின்னால் இன்னொன்று. வேலிக்கு அடியில் வாய்க்கால் புகும் இடைவெளி வழியாகத்தான் வந்திருக்க வேண்டும்.

என் ஜென்மத்தில் முதல் தடவையாக நான் கத்தவில்லை. உள்ளே போய்ப் படுத்திருந்தவரின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"எந்திரிங்க. பின்னாடி வாங்க."

"எதுக்கு?"

"வாய மூடிக்கிட்டு வாங்க, அண்ணி."

வெறுங்காலோடு வந்தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். தகப்பன் பறவை எங்கள் இருவரையும் சேர்த்து வைதது. தாய் சேற்றில் நின்று மூக்கால் குத்திக்கொண்டிருந்தது. குஞ்சுகள் அதன் காலடியில் புழு தேடின. ஒன்று கால் மடங்கி விழுந்து, எழுந்து, எதுவுமே நடக்காத மாதிரி மறுபடி நடந்தது. அண்ணியின் உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தார். நாலு வரை எண்ணி முடித்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இங்கதான் ஆழம் இல்ல" என்றார் மெதுவாக. "சதுப்புல எங்கயும் இப்ப இப்படி எடம் கெடையாது. நீ அன்னைக்கு தூக்குங்கன்னு சொன்னியே, அதுல வந்த தண்ணி."

சுருக்கென்று ஏதாவது சொல்ல வேண்டும் என்று பார்த்தேன். துணி காயப்போட இடமில்லாமல் நான் பட்ட பாட்டைச் சொல்லலாம். நனைந்த சட்டைகளைத் திரும்பத் திரும்ப இஸ்திரி போட்டதைச் சொல்லலாம். அதற்குள் அண்ணி என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் கையில் இத்தனை வருஷச் சேறு காய்ந்து போன சொரசொரப்பு இருந்தது. இரண்டு பேரும் வெட்கமில்லாமல் அழுதோம்.

முன்பக்கம் யாரோ கதவைத் தட்டினார்கள். யூனிஃபார்ம் வாங்க வந்தவர்களாக இருக்கும். என் வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டே வந்து, "ஏய், ஆள் வந்திருக்காங்க, என்ன சொல்ல?" என்றார்.

"சத்தம் போடாதீங்க" என்றேன். "நாளைக்கு வரச் சொல்லுங்க."